கால் கட்டைவிரல் எலும்பு துருத்தலுக்கு ஓப்பன் ஆபரேஷனா, சிறு துளை ஆபரேஷனா?

குடியாத்தத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கும் கேள்வி இது. அம்மாவுக்கு 52 வயது. ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடி வேலை. இரண்டு கால்களிலும் கட்டைவிரல் பக்கத்து விரலை நோக்கிச் சாய்ந்து, அதன் அடியில் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. வலது காலில்தான் வலி அதிகம். சர்க்கரையும் உண்டு, மாத்திரையில் ஓடுகிறது. நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் விரலின் சாய்வு 34 டிகிரி, முதல் இரண்டு பாத எலும்புகளுக்கு நடுவிலுள்ள கோணம் 14 டிகிரி. ஒரு டாக்டர் 'ஸ்கார்ஃப்' என்ற ஓப்பன் ஆபரேஷன் செய்யலாம் என்கிறார். இன்னொரு டாக்டர் சின்னத் துளைகள் வழியாகவே முடித்துவிடலாம் என்கிறார். எதற்குச் சம்மதம் சொல்வது?

நான் பிசியோதெரபிஸ்ட். கத்தி பிடிப்பது என் வேலை இல்லை; ஆபரேஷன் முடிந்த காலை மறுபடி தரையில் ஊன்றி நடக்க வைப்பதுதான் என் வேலை. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் என்று இந்தப் பக்கத்துப் பாதங்களைத்தான் தினமும் கையில் எடுக்கிறேன். இரண்டு முறையிலும் செய்துகொண்டவர்கள் என்னிடம் வருகிறார்கள். அதனால் முதலிலேயே என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மாவின் எக்ஸ்ரே அளவுக்கு இரண்டு முறையும் பொருந்தும். வெளியே தெரியும் தழும்பின் நீளத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உள்ளே எலும்பை எங்கே வெட்டுகிறார்கள், எதைக் கொண்டு பிடித்து நிறுத்துகிறார்கள், அந்த முறையில் அந்த டாக்டரின் கைக்கு எவ்வளவு பழக்கம் என்று பார்த்து முடிவெடுங்கள்.

முதலில் அந்தப் புடைப்பு என்ன என்று புரிந்துகொள்வோம். 'எலும்பு வளர்ந்துடுச்சு, செதுக்கி எடுத்துட்டா சரியாயிடும்' என்றுதான் பெரும்பாலும் எல்லாரும் நினைக்கிறார்கள். வளர்ந்தது மிகக் கொஞ்சம். கட்டைவிரலுக்குப் பின்னாலிருக்கும் முதல் பாத எலும்பு மற்ற எலும்புகளை விட்டு உள்பக்கமாக, அதாவது மறு பாதத்தை நோக்கி, விலகிப் போகிறது. விரலோ எதிர்ப்பக்கம் சாய்கிறது. நடுவில் மூட்டு முழங்கையை மடக்கியதுபோல் துருத்துகிறது. அந்தத் துருத்தலின் மேல் செருப்பு வாரோ ஷூவோ உரசி உரசி, தோலுக்கும் எலும்புக்கும் நடுவிலுள்ள பை வீங்குகிறது. அடியில் தசைநாருக்குள் இருக்கும் இரண்டு சிறு எலும்புகளும் தங்கள் இடத்தை விட்டு நழுவுகின்றன. டாக்டர் சீட்டில் ஹாலக்ஸ் வால்கஸ் என்று எழுதியிருப்பது இதைத்தான். எனவே புடைப்பை மட்டும் சீவி எடுத்தால் கோணம் அப்படியே இருக்கும், கொஞ்ச காலத்தில் பழைய நிலைக்கே வந்துவிடும். ஓப்பனோ துளையோ, எலும்பை வெட்டி நகர்த்தித்தான் ஆக வேண்டும். வெட்டிய எலும்பு கூடுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். துளை சின்னது என்பதற்காக எலும்பு சீக்கிரம் கூடிவிடாது.

விரல் சாய்வு 15 டிகிரிக்குள், எலும்புகளுக்கு இடைக்கோணம் 9 டிகிரிக்குள் இருந்தால் இயல்பு. விரல் சாய்வு 40 டிகிரியையும் இடைக்கோணம் 16 டிகிரியையும் தாண்டினால் கடுமை. அம்மாவின் 34-ம் 14-ம் நடுத்தர நிலை. எக்ஸ்ரேயை நிற்கவைத்து எடுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள், நல்லது. படுக்கவைத்து எடுத்த படத்தில் கோணம் குறைவாகத் தெரியும். அதை வைத்து ஆபரேஷனை முடிவு செய்யக் கூடாது.

அடுத்ததாக, ஆபரேஷன் தேவையா என்ற கேள்வியைத் தாண்டிப் போகாதீர்கள். உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் 18 முதல் 65 வயது வரையுள்ளவர்களில் 23 சதவீதம் பேருக்கும், அதற்கு மேற்பட்ட வயதில் ஏறத்தாழ 36 சதவீதம் பேருக்கும் இந்தச் சாய்வு ஏதோ ஓர் அளவில் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் ஆபரேஷன் இல்லாமலே காலம் தள்ளுகிறார்கள். வலி இல்லாத காலை அழகுக்காக வெட்டக் கூடாது என்பதில் நான் கண்டிப்பானவன். கல்யாணத்துக்கு முன்னால் மகளின் கால் அழகாகத் தெரிய வேண்டும் என்று கேட்டு வரும் பெற்றோரிடமும் இதையேதான் சொல்கிறேன். ஏனென்றால் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் திருப்தி இல்லாமல் போகிறார். வலியோடு வந்தவருக்கு அது ஏற்கத்தக்க கணக்கு. வலியே இல்லாமல் வந்தவருக்கு அது நஷ்டக் கணக்கு.

அம்மாவிடம் வலி எங்கே என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். புடைப்பின் மேல் மட்டும், அதுவும் ஷூ போட்டால் மட்டும் என்றால் முன்பக்கம் அகலமான செருப்பு ஒன்றே பாதி வலியைக் குறைக்கும். மூட்டுக்குள், விரலை அசைத்தாலே வலி என்றால் உள்ளே தேய்மானம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது விரலின் அடியில், பாதத்தின் கீழே, கல் மேல் மிதித்தது போன்ற வலி என்றால், கட்டைவிரல் தன் பாரத்தைச் சுமக்காமல் பக்கத்து விரலின் மேல் தள்ளிவிட்டது என்று பொருள். இந்த மூன்றாவது வகை வலியைத்தான் நான் கவலையோடு பார்ப்பேன். இரண்டாவது விரல் மேலே ஏறிக்கொண்டு மடங்க ஆரம்பித்துவிட்டால், பின்னால் அதற்கும் சேர்த்து ஆபரேஷன் செய்ய வேண்டி வரும்.

நம் ஊர்ப் பெண்களிடம் மெட்டியைப் பார்க்காமல் இதைப் பேச முடியாது. கட்டைவிரல் வந்து நெருக்கும்போது இரண்டாவது விரலில் உள்ள மெட்டி சதைக்குள் பதிந்து, இரண்டு விரலுக்கும் நடுவில் புண் வந்துவிடுகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது ஆபத்து. சிலர் வருடக்கணக்கில் கழற்றாத மெட்டியோடு வருவார்கள். ஆபரேஷன் அன்று காலையில் சோப்பு போட்டு, நூல் சுற்றி, கடைசியில் வெட்டித்தான் எடுப்பார்கள். இப்போதே கழற்றி வையுங்கள். வீட்டுப் பெரியவர்கள் மனம் சங்கடப்பட்டால், கால் ஆறிய பிறகு கொஞ்சம் தளர்வாகச் செய்து போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.

இன்னொன்று, அந்த மூட்டு திடீரென்று ஒரே ராத்திரியில் சிவந்து, தொட்டால் துடிக்கிற அளவுக்கு வலித்திருக்கிறதா? அப்படியானால் யூரிக் அமிலத்தைப் பாருங்கள். கவுட் என்ற மூட்டுவாதம் முதலில் வந்து உட்காருவது பெரும்பாலும் இதே மூட்டில்தான். அதற்கு மருந்து வேறு. இரவில் கட்டிக்கொள்ளும் பட்டை, விரல்களுக்கு நடுவில் வைக்கும் சிலிக்கான் துண்டு இவையெல்லாம் உரசலையும் வலியையும் குறைக்கும். பெரியவர்களின் எலும்பை நேராக்காது. விளம்பரத்தைப் பார்த்து அதற்கென்று அதிகம் செலவழிக்க வேண்டாம்.

சரி, அகலமான செருப்பெல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று, ஆறு மாதமாக வலி மாத்திரை இல்லாமல் ஷிஃப்ட் முடிக்க முடியவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதால் ஆபரேஷனுக்கே வருகிறேன்.

ஓப்பன் முறையில் பாதத்தின் உள்பக்க ஓரமாகச் சில சென்டிமீட்டர் நீளத்துக்குத் தோலைத் திறந்து, எலும்பையும் மூட்டையும் கண்ணால் நேராகப் பார்த்துச் செய்வார்கள். இதற்கு நூற்றுக்கும் மேற்பட்ட முறைகள் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றில் நீங்கள் கேள்விப்படப் போவது நான்கைந்துதான். எலும்பின் தலைப்பகுதியில் வி வடிவில் வெட்டி நகர்த்துவது செவ்ரான். லேசான, நடுத்தரச் சாய்வுக்கு. தண்டு நெடுக இசட் வடிவில் நீளமாக வெட்டி நகர்த்தி, இரண்டு ஸ்குரூ போட்டு இறுக்குவது ஸ்கார்ஃப். நடுத்தரத்துக்கும் அதற்குச் சற்று மேலேயும். இவற்றோடு கட்டைவிரலின் எலும்பிலேயே ஒரு சிறு ஆப்பு எடுத்து விரலை நேராக்குவது ஏகின். 1925-இல் வந்த இந்த முறையை இன்றும் பெரும்பாலான ஆபரேஷன்களில் துணைக்குச் சேர்க்கிறார்கள். சாய்வு மிக அதிகமாகி, பாதத்தின் நடுவிலுள்ள மூட்டே ஆட்டம் கண்டிருந்தால் அந்த மூட்டை இணைத்துவிடும் லாபிடஸ். கட்டைவிரலின் மூட்டு முழுக்கத் தேய்ந்து போயிருந்தால் அதை அசையாமல் இணைத்துவிடுவதே நல்லது.

ஸ்கார்ஃபின் பலம் அதன் பிடிமானம். நீள வெட்டு, இரண்டு ஸ்குரூ. கண்ணால் பார்த்துச் செய்வதால் அடியிலுள்ள சிறு எலும்புகள் இடத்துக்கு வந்துவிட்டனவா என்று சோதித்துக்கொள்ளலாம், இறுகிப்போன தசைநாரை விடுவிக்கலாம். பல ஆண்டுகளாகப் பல நாடுகளில் செய்து, பின்னால் என்ன ஆகும் என்று தெரிந்த முறை. அதன் பலவீனம் வீக்கமும் விறைப்பும். தோலையும் மூட்டின் உறையையும் திறந்த இடத்தில் தழும்புத் திசு உருவாகி மூட்டை இறுக்கும். என்னிடம் வரும் ஓப்பன் ஆபரேஷன் கால்களில் நான் அதிகம் போராடுவது இந்த விறைப்போடுதான்.

சிறு துளை முறையில் மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் அளவுள்ள சில துளைகள்தான். எலும்பை வெட்டுவது பர் என்ற, ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள சுழலும் கருவி. பல் டாக்டரின் டிரில்லைப் பார்த்தவர்களுக்கு உருவம் புரியும், ஆனால் வேகம் குறைவு, முறுக்கு அதிகம். வேகம் கூடினால் சூட்டில் எலும்பும் துளை ஓரத் தோலும் கருகும். அதனால் குளிர்ந்த சலைனை ஊற்றிக்கொண்டே செய்வார்கள். டாக்டர் எலும்பைக் கண்ணால் பார்ப்பதில்லை. சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே கருவியின் திரையைப் பார்த்தும், கையில் உணரும் எதிர்ப்பை வைத்தும்தான் வெட்டுகிறார். இதில் லேசர் கிடையாது. லேசரில் செய்கிறோம் என்று யாராவது சொன்னால், என்ன வெட்டு, என்ன ஸ்குரூ என்று திருப்பிக் கேளுங்கள்.

இந்த முறைக்குக் கொஞ்சம் கெட்ட பெயரும் உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. ஆரம்பகாலத்தில் எலும்பை வெட்டிவிட்டு உள்ளே எதுவும் போடாமல் கட்டுப்போட்டே நிறுத்தினார்கள். அடுத்த தலைமுறையில் ஒரு கம்பியைச் செருகி வைத்து, சில வாரம் கழித்து உருவினார்கள். இரண்டிலும் எலும்பு நகர்ந்துபோவதும் கம்பி வழியாகக் கிருமி ஏறுவதும் நடந்தன. பிரிட்டனில் சிகிச்சை முறைகளை மதிப்பிடும் நைஸ் அமைப்பு 2010-இல் இதை ஆராய்ந்தபோது, பாதுகாப்புக்கும் பலனுக்கும் ஆதாரம் போதாது என்றே எழுதியது. ஏறத்தாழ அதே சமயத்தில் வெர்னோவா, ரெட்ஃபெர்ன் என்ற இரு அறுவை நிபுணர்கள் துளை வழியாகவே செவ்ரான், ஏகின் இரண்டையும் செய்து, ஸ்குரூ போட்டு இறுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். இன்று நல்ல இடங்களில் சிறு துளை என்றால் இந்த ஸ்குரூ போடும் தலைமுறைதான், அல்லது அதற்கு அடுத்து வந்த குறுக்கு வெட்டு முறை. உங்கள் இரண்டாவது டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: ஸ்குரூ போடுவீர்களா, எத்தனை? ஸ்குரூ இல்லை, கட்டுப் போதும் என்றால் அம்மாவின் சாய்வுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வுகளில் ஒன்றைச் சொல்கிறேன், உங்கள் கேள்விக்கு அதுதான் மிக நெருக்கம். 2017-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. 50 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு ஓப்பன் ஸ்கார்ஃப்-ஏகின், மறு பாதிக்குத் துளை வழி செவ்ரான்-ஏகின் செய்தார்கள். முதல் ஆறு வாரம் துளை முறைக்காரர்களுக்கு வலி தெளிவாகக் குறைவு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது கோணம் நேரானதிலும் கால் பயன்படுவதிலும் இரண்டு பக்கமும் ஏறத்தாழ சமம். வேறு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் இதே படம்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. ஆரம்ப வாரங்களில் துளைக்கு நன்மை, தழும்பும் சிறியது, மூட்டைத் திறக்காததால் மடக்கும் அளவு கொஞ்சம் நன்றாகக் கிடைக்க வாய்ப்பு. ஓராண்டு முடிவில் எந்தக் காலுக்கு எது செய்தார்கள் என்று நடையைப் பார்த்து என்னால் சொல்ல முடிவதில்லை.

ஆனால் துளை முறையின் ஆபத்துகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கண்ணால் பார்க்காமல் செய்வதால் பழகாத கையில் எலும்பு தேவைக்கு மேல் குட்டையாகிவிடலாம். அப்படியானால் பாரம் இரண்டாவது விரலின் அடிக்குப் போய், முன்பு இல்லாத வலி புதிதாக வரும். எலும்பின் தலை மேல்நோக்கித் தூக்கிக்கொண்டாலும் இதே கதி. ஸ்குரூவின் முனை தோலடியில் தட்டுப்பட்டு, பின்னால் அதை எடுக்கும்படி ஆகலாம். கட்டைவிரல் மேல்தோலுக்குப் போகும் நரம்பு அடிபட்டு மரத்துப்போவது இரண்டு முறையிலும் உண்டு. கிருமித் தொற்று, எலும்பு கூடாமை, எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்தம் போகாமல் அது பாழாவது, விரல் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுவது, பழையபடி திரும்ப வருவது என்று மற்றவையும் இரண்டுக்கும் பொது. திரும்ப வருவதைத் தீர்மானிப்பது துளையின் அளவு இல்லை. முதலில் எவ்வளவு சாய்ந்திருந்தது, அதை எவ்வளவு முழுமையாகச் சரிசெய்தார்கள், அடிச் சிறு எலும்புகள் இடத்துக்கு வந்தனவா என்பவைதான் தீர்மானிக்கின்றன.

துளை முறையில் ஒரு டாக்டரின் கை படிவதற்குச் சில பத்து ஆபரேஷன்கள் ஆகும் என்று அந்தத் துறையினரே எழுதுகிறார்கள். முழங்காலும் இடுப்பும் அருமையாகச் செய்கிற டாக்டர் இதிலும் அப்படியே இருப்பார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 'நீங்கள் இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், ஒரு வருடம் கழித்து எடுத்த எக்ஸ்ரே ஏதாவது காட்ட முடியுமா' என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நல்ல டாக்டர்கள் இந்தக் கேள்வியை விரும்புவார்கள். கோபப்படுகிறார் என்றால் அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்தான்.

சிறு துளை செய்தவர்களை இரண்டாவது வாரத்தில் பதறவைக்கிற ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். கட்டுப் பிரித்து எக்ஸ்ரே எடுப்பார்கள். படத்தில் எலும்பின் தலை, தண்டை விட்டு அதன் அகலத்தில் பாதிக்கு மேல் பக்கவாட்டில் தள்ளி நிற்கும்; நடுவே இரண்டு நீள ஸ்குரூ மட்டும் பாலம் போலக் குறுக்கே ஓடும். வீட்டுக்காரர்கள் அதைப் போனில் படம் பிடித்து, 'எலும்பு விலகிப் போச்சே' என்று எனக்கு அனுப்புவார்கள். விலகவில்லை. அப்படித்தான் நகர்த்தி வைக்கிறார்கள். அந்த இடைவெளியில் மாதக்கணக்கில் புது எலும்பு மெல்ல நிரம்பும். நடக்கத் தொடங்கிய பிறகும் எக்ஸ்ரேயில் முழுக்கக் கூடியதாகத் தெரியாது. ஸ்கார்ஃப் எக்ஸ்ரேயில் இந்தப் பயம் இருக்காது, எலும்பு எலும்போடு ஒட்டியே இருக்கும்.

அப்புறம், வீட்டுக்கு வந்த பிறகு நடப்பவை. இரண்டு முறையிலும் பெரும்பாலும் மறுநாளே, சில சமயம் அன்றே, அடி வளையாத ஆபரேஷன் செருப்புப் போட்டு, குதிகாலில் பாரம் வைத்து நடக்கவிடுவார்கள். முதல் இரண்டு வாரம் கழிப்பறைக்குப் போகவும் சாப்பிடவும் மட்டும் நடக்க வேண்டும். மற்ற நேரம் காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்துப் படுக்க வேண்டும். இதைச் சொன்னால் நம் வீட்டு அம்மாக்கள் கேட்பதே இல்லை. வலி குறைவாக இருக்கிறது என்று நான்காம் நாளே அடுப்படியில் நின்றுவிடுகிறார்கள். சிறு துளை செய்தவர்களிடம் இது இன்னும் அதிகம், வலி குறைவு என்பதே அங்கே எதிரியாகிவிடுகிறது. வீங்கி, துளையில் நீர் கசிந்து, விரல் சாசேஜ் போல ஆகித்தான் என்னிடம் வருவார்கள். குடியாத்தத்திலிருந்து வேலூருக்குப் பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டுக் கட்டு மாற்ற வருவதும் அதே வீக்கத்தைத்தான் தரும். காரோ ஆட்டோவோ, பின் சீட்டில் காலை நீட்டி உட்காரவைத்துக் கூட்டி வாருங்கள்.

வீட்டில் இந்தியன் டாய்லெட் மட்டும்தான் என்றால், ஆபரேஷனுக்கு முன்பே மெடிக்கல் கடையில் கமோட் நாற்காலி ஒன்று வாங்கிவிடுங்கள். குந்தி எழும்போது முழு எடையும் முன்பாதத்துக்குத்தான் போகிறது. எலும்பு கூடும் வரை அது ஆகாது. குந்தி உட்கார்ந்து கோலம் போடுவது, தரையில் உட்கார்ந்து விரலை ஊன்றி எழுவது, தொழுகையில் கால்விரல்களை மடக்கி உட்காருவது எல்லாவற்றுக்கும் இதே கட்டுப்பாடு. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கமிருந்து வருகிறவர்கள் தொழுகையைப் பற்றித் தவறாமல் கேட்பார்கள். நாற்காலியில் தொழுதுகொண்டிருந்து, மூன்று மாதம் போல ஆனதும் மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பலாம் என்பேன். மூட்டை இணைத்துவிடும் ஆபரேஷனைப் பற்றி யாராவது பேசினால் மட்டும் இந்தப் பழக்கங்களை டாக்டரிடம் முன்னாலேயே சொல்லுங்கள். அதற்குப் பிறகு அந்த விரல் மடங்கவே மடங்காது.

பயிற்சியில் ஒன்றைக் கவனிக்கச் சொல்வேன். விரலை மடக்கச் சொன்னால் பத்துப் பேரில் பாதிப்பேர் நுனி மூட்டை மட்டும் மடக்கிவிட்டு, மடங்குகிறது என்று சந்தோஷப்படுகிறார்கள். மடங்க வேண்டியது அடி மூட்டு. ஒரு கையால் புடைப்பு இருந்த இடத்துக்குப் பின்னால் பாத எலும்பை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் கட்டைவிரலை அதன் அடியிலேயே பிடித்து மேலும் கீழும் மெதுவாக அசைக்க வேண்டும். நகத்துப் பக்கம் பிடிக்கவே கூடாது. எப்போது தொடங்குவது என்று உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். தையல் பிரித்ததும் தொடங்கச் சொல்கிறவர்கள் அதிகம். ஸ்கார்ஃப் செய்தவர்கள் இதைச் சோம்பலில் விட்டால் விறைப்பு நிலைத்துவிடும்.

வேலைக்கு எப்போது போகலாம்? உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் இரண்டு மூன்று வாரத்தில் போகிறார்கள். அம்மாவின் வேலை நின்று செய்வது. சிறு துளை என்றாலும் இரண்டு முதல் மூன்று மாதம் லீவு கணக்குப் போடுங்கள். 'இரண்டு வாரத்தில் வேலைக்கு' என்று யாராவது சொல்லியிருந்தால் அது ஆபீஸ் நாற்காலிக்கான கணக்கு. கம்பெனியில் உட்கார்ந்து செய்யும் பிரிவுக்குக் கொஞ்ச காலம் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். வீக்கம் முழுக்க வடிய ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். வலது கால் என்பதால் வண்டி ஓட்டுவதும் ஆறு முதல் எட்டு வாரம் வேண்டாம். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர், அதுவும் வெறுங்காலில். அந்த வருடத்துக்கு விட்டுவிடலாம் என்பது என் யோசனை.

அம்மா விஷயத்தில் எனக்குப் பெரிய கேள்வி சர்க்கரைதான். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலான டாக்டர்கள் தேதியைத் தள்ளிப்போடுவார்கள், அது சரியும்கூட. ஆனால் சர்க்கரை அளவைவிட முக்கியம், பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா, ரத்த ஓட்டம் இருக்கிறதா என்பது. 10 கிராம் அழுத்தம் தரும் ஒரு நைலான் இழையைப் பாதத்தில் பல இடங்களில் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு எங்கே தொடுகிறேன் என்று சொல்லச் சொல்வார்கள். இரண்டு நிமிட வேலை. நாடித் துடிப்பைப் பாதத்தின் மேலும் கணுக்காலுக்குப் பின்னும் தொட்டுப் பார்ப்பார்கள். இரண்டையும் செய்யாமல் ஆபரேஷன் தேதி கொடுத்திருந்தால், செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

உணர்ச்சியில்லாத பாதம் என்றால் என்ன என்று இந்த மாவட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயில் விரல்கள் தானாக உதிர்வதில்லை, வலி தெரியாததால் காயம் மேல் காயம் பட்டுத்தான் அழிகின்றன என்று இங்கிருந்துதான் உலகத்துக்குக் காட்டினார். 1955-இல் தொடங்கிய கரிகிரி மருத்துவமனையில் அந்தப் பாதங்களுக்கென்றே மென்மையான மைக்ரோசெல்லுலர் ரப்பர் அடி வைத்த செருப்புகளைச் செய்தார்கள். இன்று சர்க்கரைக்காரர்கள் கடையில் கேட்டு வாங்குகிற எம்.சி.ஆர். செருப்பு அதே ரப்பர்தான். அம்மாவுக்கு நைலான் இழைச் சோதனையில் உணர்ச்சி குறைவு என்று தெரிந்தால் இரண்டு ஆபரேஷனையுமே தள்ளிவைத்துவிட்டு, முன்பக்கம் அகலமான எம்.சி.ஆர். செருப்பில் ஓட்டுவதைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள். உணர்ச்சியும் நாடியும் நன்றாக இருந்தால், தோலில் வெட்டு குறைவு என்ற வகையில் சிறு துளை சர்க்கரைக்காரருக்குக் கொஞ்சம் அனுகூலம்தான்.

செலவைப் பொறுத்தவரை, ஒரு தடவை மட்டும் பயன்படுத்தும் பர், அதற்கான ஸ்குரூ, சி-ஆர்ம் இவற்றால் துளை முறைக்குப் பில் கூடுதலாக வரும் இடங்கள் உண்டு. காப்பீடு இருந்தால் ஆபரேஷன் பெயரை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு கவுன்ட்டரில் முன்பே கேட்டுவிடுங்கள். அம்மா கம்பெனியில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் அந்த வழியையும், லீவு நாட்களுக்கான பணத்தையும் சேர்த்து விசாரியுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வது இது. வலது காலை மட்டும் முதலில் செய்துகொள்வோம். இரண்டையும் ஒரே நாளில் செய்தால் குதிகாலில் நடப்பதற்குக்கூட ஒரு நல்ல கால் மிஞ்சாது. இரண்டாவது டாக்டர் ஸ்குரூ போடும் சிறு துளை முறையை அடிக்கடி செய்கிறவர், ஒரு வருடப் படங்களைக் காட்டுகிறார், உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் பார்த்துவிட்டார் என்றால் அவரிடம் போவேன், அந்த முதல் ஆறு வார நிம்மதிக்காக. இதில் எதிலாவது தயக்கம் தெரிந்தால், ஸ்கார்ஃபை நிறையச் செய்திருக்கும் முதல் டாக்டரிடம் கொஞ்சமும் யோசிக்காமல் அம்மாவை ஒப்படைப்பேன்.

அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போகும்போது, அம்மா வேலைக்குப் போட்டுப் போகிற செருப்பையே ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், புதிதாக வாங்கியதை இல்லை. எந்த இடம் தேய்ந்திருக்கிறது, எந்த இடம் விரிந்திருக்கிறது என்பதை வைத்து பாரம் எங்கே விழுகிறது என்று டாக்டருக்குப் பாதி தெரிந்துவிடும். நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயின் படத்தையும், சீட்டை மட்டும் அல்ல, கூடவே கொண்டுபோங்கள்.